இன்டர்வியூவில் நம் பிள்ளைகள் சொல்லாமல் விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகன் நன்றாகப் படித்தவன், ஆனால் அதிகம் பேசமாட்டான், போகிற இன்டர்வியூவில் எல்லாம் தம்பட்டம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கே வேலை கிடைக்கிறது என்று மனம் வெதும்பி எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை என்றே நினைக்கிறேன். சேலத்தில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் கணக்கு, கொள்முதல், ஸ்டோர்ஸ் வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் இடத்தில் பல ஆண்டுகளாக உட்காருகிறேன். தம்பட்டம் அடிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். "நீங்கள் அதில் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும். நாங்கள் உண்மையில் இழப்பது, செய்ததைக்கூடச் சொல்லாமல் எழுந்து போகிற பிள்ளைகளைத்தான்.

ஒன்று சொல்கிறேன். கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு பி.காம். முடித்த ஒரு பெண் வந்திருந்தாள். முன் அனுபவம் ஏதாவது இருக்கிறதா என்றால், "எதுவும் இல்லைங்க மேடம்" என்றாள். பயோடேட்டாவில் மதிப்பெண், டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கான சான்றிதழ், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, அவ்வளவுதான். அப்பா என்ன செய்கிறார் என்று என்னோடு இருந்தவர் பேச்சுவாக்கில் கேட்டார், வீட்டிலேயே கொலுசுப் பட்டறை என்றாள். அப்படியானால் கணக்கு யார் எழுதுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து அவள்தான் எழுதுகிறாள். வியாபாரியிடமிருந்து வெள்ளி எடை போட்டு வரும். அதில் கம்பி இழுப்பவருக்கு எத்தனை கிராம், சங்கிலி பின்னுகிற பெண்களுக்கு எத்தனை கிராம், பற்ற வைக்க எவ்வளவு, மெருகுக்குப் போய்த் திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கூலி என்று எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. எடை குறைந்தால் எந்தக் கையில் குறைந்தது என்று தேடிப் பிடித்துவிட்டுத்தான் அன்றைக்குப் படுக்கப் போவாளாம். ஸ்டோர்ஸில் நாங்கள் மாதாமாதம் சரக்கு இருப்பைச் சரிபார்க்கிறோமே, அதே வேலை. அதைவிடக் கடினமானது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இரும்பில் ஒரு கிராம் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், வெள்ளியில் கேட்பார்கள். அவளுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்குத் தற்செயலாக வந்த கேள்வி. அது வராமல் போயிருந்தால் அவளும் அனுபவமில்லாதவர்கள் பட்டியலில்தான் இருந்திருப்பாள்.

இப்படி எத்தனை பேர்! அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கத்திலிருந்து வரும் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) போட்டவர்கள், பாவு நூல் அறுந்தால் பிணைக்கத் தெரிந்தவர்கள், விசைத்தறி நின்றால் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள். பராமரிப்புப் பிரிவு வேலைக்கு வந்து உட்கார்ந்தால் இதில் ஒரு வார்த்தை வாயில் வராது. ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்குப் போய், கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்க்கும் இடத்தில் நின்று விலை பேசியிருப்பார்கள். கொள்முதல் வேலைக்கு அதைவிட என்ன பயிற்சி வேண்டும்? ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்த நாலு வரியைத்தான் ஒப்பிக்கிறார்கள். கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன், என் பலவீனம் எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பது. காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு, மதியத்துக்குள் யார் சொன்னார்கள் என்பதே மறந்துபோகும்.

வீட்டு வேலை, குலத்தொழில், பட்டறை, தோட்டம் என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம்தான் இதற்குக் காரணம். இந்தப் பயத்தைப் பெற்றோரும் சேர்ந்து ஊட்டுகிறார்கள், "அங்கே போய்ப் பட்டறையைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லியனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. இதற்குப் பெயர், அப்பா பெயர், ஊர், உடன்பிறந்தவர்கள் என்று ரேஷன் கார்டு படிப்பதுபோலச் சொல்ல வேண்டியதில்லை, அதெல்லாம் எங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணே இப்படிச் சொல்லியிருக்கலாம்: "பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் பட்டறைக்கு வரும் வெள்ளி, போகும் வெள்ளி, சேதாரம், கூலி எல்லாக் கணக்கும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுகிறேன். டேலியும் படித்திருக்கிறேன். இங்கே ஸ்டோர்ஸ் கணக்கும் பார்க்க வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தது, அதனால்தான் வந்தேன்." ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் எந்தப் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை. என்ன தெரியும், அதற்கு என்ன ஆதாரம், இந்த வேலைக்கு அது ஏன் உதவும் என்ற மூன்றும் வந்துவிட்டன. அப்புறம் கேள்விகள் அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் வரும், அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் நின்று அவள் பதில் சொல்லலாம். எது கேட்டாலும் இதே வழிதான்: என்ன நிலைமை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. நடுவில் இருக்கும் "நீங்கள்" முக்கியம். கல்லூரி பிராஜெக்டைப் பற்றிக் கேட்டால் "நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம்" என்றே முடித்துவிடுகிறார்கள், அதில் இவருடைய கை எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மேலேயிருந்து ஒருவர் வந்தால் கேள்வி கேட்கிறவர் மனதில் 20 கொண்டை ஊசி வளைவுதான் முதலில் வரும், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் இவர் எப்படி வருவார் என்று. பலர் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், மனதுக்குள்ளேயே கழித்துவிடுவார்கள். கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அஸ்தம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போகிறேன், அல்லது பாதை அடைத்தால் மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக வருவேன் என்று, எது உண்மையோ அது. சந்தேகம் இருப்பது தெரிந்தும் சும்மா இருப்பது உங்களுக்குத்தான் நஷ்டம். அரசுத் தேர்வுக்குப் படித்து இரண்டு மூன்று வருடம் போனவர்களுக்கும் இதுதான். மழுப்பாமல், குரூப் 4-க்குப் படித்தேன், கிடைக்கவில்லை, இப்போது இந்த வேலையில் நிலைக்க வந்திருக்கிறேன் என்று நிமிர்ந்து சொன்னால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

அரசு வேலைக்கே படித்து வந்தவர்களுக்கு இன்டர்வியூ பழக்கமில்லாமல் போனதில் ஆச்சரியமும் இல்லை. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் குரூப் சி, டி பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசுக்கு இடமில்லாமல் போனது, நல்ல முடிவு. ஆனால் தனியார் கம்பெனியில் அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் வேலை இல்லை.

கடைசியாக எங்கள் பக்கத்துக் குறையையும் எழுத வேண்டும். சேலத்துத் தொழிற்சாலையில், சேலத்துத் தொழிலாளர்களோடு தமிழில் பேசி வேலை வாங்கப்போகிற சூப்பர்வைசர் வேலைக்கு எதற்கு முழு இன்டர்வியூவும் ஆங்கிலத்தில்? ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் 275 மதிப்பெண்ணுக்கான அந்த நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே சந்திக்கலாம். மாவட்டத்தை ஆளப்போகிறவருக்கே அந்த உரிமை இருக்கும்போது, ஒரு ஷிப்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு ஏன் இல்லை? ஆங்கிலம் தேவைப்படும் வேலை என்றால் அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம், முதல் ஐந்து நிமிடமாவது தமிழில் பேச விடுங்கள், அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். அதேபோல, பெண்களிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பதை இனியாவது நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு பெண்ணால் தன் வேலையைப் பற்றித் தெளிவாகப் பேச முடியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

2022-இல் வந்த தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிகளில் பயிற்சி தருகிறார்கள், நல்லது. அந்த வகுப்புகளில் மாதிரி பதில்களை எழுதிப்போடுவதற்குப் பதில், ஒவ்வொரு மாணவரிடமும் வீட்டில் என்ன வேலை செய்வாய், யாருடைய கணக்கை எழுதுவாய், எதைப் பழுது பார்ப்பாய் என்று கேட்டு அதையே பயோடேட்டாவில் எழுத வைத்தால் போதும். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும், எந்த வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று இங்குள்ள தொழிற்சாலைக்காரர்களிடமே வாங்கி வாரம் ஒன்று வெளியிடுங்கள். கடிதம் எழுதிய அந்தத் தகப்பனாரின் மகன் கணக்கு அல்லது ஸ்டோர்ஸ் வேலை தேடுகிறார் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்க நான் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.