ஆபர்னுக்கு ஒருதடவை போய் வா, கண்ணு

கண்ணு,

"அங்கே ஒரு கோல்ஃப் மைதானமும் ஒரு நினைவுக்கல்லும்தான்மா இருக்கு, அதைப் பார்க்கவா போகச் சொல்றே?" என்று போனில் கேட்டாய். அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பாஸ்டன் பக்கத்து ஆபர்னில், ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்ட் தன் ராக்கெட்டைப் பறக்கவிட்ட இடம் அது.

கோடார்ட் 15 வயதில் பாஸ்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு தொடர்கதை படித்தார். செவ்வாய்வாசிகள் படையெடுத்து வரும் எச்.ஜி. வெல்ஸின் கதை. இங்கிலாந்தில் நடப்பதாக அவர் எழுதியதை, பத்திரிகைக்காரர்கள் பாஸ்டன் பக்கம் நடப்பதாக மாற்றிப் போட்டிருந்தார்கள். நீ இப்போது நடமாடும் தெருக்களில் செவ்வாய்வாசிகள்! அந்த வயதில் வாடகை நூலகத்து விண்வெளிக் கதைகளில் கிடந்தவள் நான். அந்தப் பையனுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

மறுவருஷம், 1899 அக்டோபர் 19 அன்று, தன் ஊரான வூஸ்டரில் ஒரு செர்ரி மரத்தில் காய்ந்த கிளைகளை வெட்ட ஏறினார். செவ்வாய்க்குப் போக ஒரு கருவி செய்ய முடிந்தால் எப்படி இருக்கும் என்று மரத்தின் மேலேயே யோசனை ஓடியது. ஏறியபோது இருந்த பையனாக இறங்கவில்லை என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அந்தத் தேதியைப் பண்டிகை மாதிரி நினைவில் வைத்திருந்தார்.

சியோல்கோவ்ஸ்கியும் எனக்கு உயிர்தான். காது சரியாகக் கேட்காத பள்ளிக்கூட வாத்தியார், ரஷ்யாவில் கலுகா என்ற சின்ன நகரத்தில் இருந்துகொண்டு 1903லேயே விண்வெளிக்குப் போகும் கணக்கைப் போட்டுவிட்டார். ஆனால் கலுகா உனக்குத் தூரம், ஆபர்ன் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்மன் ராக்கெட் பொறியாளர் வான் பிரவுனை மட்டும் இவர்களோடு சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. ஹிட்லர் காலத்துப் போருக்காக அவருடைய வி-2 ராக்கெட்டுகளைச் செய்ய வைத்து ஆயிரக்கணக்கான வதைமுகாம் கைதிகளைச் சாகடித்தார்கள்.

சரி, கோடார்டுக்கு வருகிறேன். 1920 ஜனவரியில் விண்வெளியிலும் ராக்கெட் போகும் என்று எழுதியதற்காக நியூயார்க் டைம்ஸ் அவரைத் தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. வெற்றிடத்தில் எதைத் தள்ளிக்கொண்டு ராக்கெட் போகும், இது பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியுமே என்றார்கள். ராக்கெட் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. வெளியே பீய்ச்சும் வாயுவை அது பின்னால் தள்ள, அந்த வாயு அதை முன்னால் தள்ளுகிறது. காற்று இல்லாவிட்டால் இன்னும் நல்லது. இதைக் காற்று நீக்கிய கலத்துக்குள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் எழுதியிருந்தார். அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தப் பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டது. கோடார்ட் 1945லேயே இறந்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் அதில் ஆறவில்லை.

இப்போது ஆபர்ன். 1926 மார்ச் 16, தரையில் பனி. அவருடைய உறவுக்கார எஃபி அத்தையின் பண்ணை. குழாய்களால் கட்டிய ஒல்லியான சட்டம்தான் ராக்கெட், சுமார் 3 மீட்டர் உயரம். எஞ்சின் உச்சியில், பெட்ரோல் தொட்டியும் திரவ ஆக்சிஜன் தொட்டியும் அடியில். உதவியாளர் ஊதுவிளக்கால் பற்ற வைத்தார். மனைவி எஸ்தர் கையில் மூவி கேமரா. பற்றியதும் அது கிளம்பிவிடவில்லை. எடை குறையும் வரை எரிபொருள் எரிய வேண்டியிருந்தது. ஏழு விநாடி மட்டுமே ஓடும் அந்தக் கேமரா அதற்குள் நின்றுவிட்டது. அப்புறம்தான் ராக்கெட் எழும்பியது. இரண்டரை விநாடி, 12.5 மீட்டர் உயரம், கடைசியில் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. பெரிய சத்தமே இல்லை, 'இங்கே இருந்தது போதும், வேறெங்காவது போகிறேன்' என்று சொல்கிற மாதிரி எழும்பியது என்று அவர் மறுநாள் நாட்குறிப்பில் எழுதினார்.

திரவ எரிபொருளில் உலகிலேயே முதலில் பறந்த ராக்கெட் அது. எழும்பும் காட்சி எந்தப் படத்திலும் இல்லை. இடம் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் உன்னைப் போகச் சொல்கிறேன்.

மார்ச்சில் போனால் நல்லது, பனி கொஞ்சமாவது இருக்கும். கல்லை ஒரு போட்டோ எடுத்தால் போதும், புல்தரையைச் சுற்றிலும் நிதானமாக வீடியோ எடு. வூஸ்டரில் அவர் பாடம் நடத்திய கிளார்க் பல்கலைக்கழகமும் வழியில்தான், அதையும் பார்த்துவிடு. காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா