நிறத்தை இனி நீங்களே தொட்டுக் காட்டலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற தீபாவளிக்கு ஓர் அம்மா எங்கள் செயலி வழியாக அரக்கு நிறத்தில் சுங்குடிச் சேலை கேட்டிருந்தார். நாங்கள் அனுப்பியதும் அரக்குதான். ஆனால் அவர் மனத்தில் இருந்தது அவருடைய தாயார் கட்டிய சேலையின் அரக்கு. கொஞ்சம் கருமை கூடியது. சேலை திரும்பி வந்துவிட்டது. மதுரை தெற்கு மாசி வீதியில் உள்ள எங்கள் கடைக்கு நேரில் வருபவர்கள் சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். செயலியில் வாங்குபவருக்கு அந்த வாசல் இல்லையே என்ற கவலையில்தான் நிறத் தேர்வுப் பலகை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்.

பொதுவாகக் கிடைக்கும் நிறப் பலகையை அப்படியே வைத்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. கைபேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். சாயத்தொட்டிக்கு அத்தனை கைவராது. திரை ஒளியை உமிழ்கிறது. துணியோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்; தொட்டியில் சேர்ந்தால் மங்கிய பழுப்பு.

ஆகவே பலகையைத் திறந்ததும் முதலில் தெரிவது எங்கள் பட்டறையில் சாயமேற்றிப் பார்த்த நிறங்களின் கட்டங்கள்தான். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல், வாடாமல்லி, எம்.எஸ். நீலம். கடைசி நீலத்துக்குப் பெயர் தந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் இதே மதுரையில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்தால் அதன் இளஞ்சாயலும் கருஞ்சாயலும் விரியும். அந்த அம்மா தேடிய அரக்கும் இப்போது அங்கே இருக்கிறது.

கட்டங்களில் மனம் நிறையவில்லையென்றால் பக்கத்தில் நிற வட்டம் உண்டு. அதில் எந்த இடத்தைத் தொட்டாலும், நாங்கள் சாயமேற்றக்கூடிய மிக நெருங்கிய நிறம் அருகிலேயே தோன்றும். வெறும் எண்களை ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிப்பதில்லை. நிற வேறுபாட்டை மனிதக் கண் உணரும் விதத்தை ஒட்டி 1976-இல் வகுக்கப்பட்ட லேப் (CIELAB) என்னும் நிற அளவுமுறையைப் பயன்படுத்துகிறோம். இரண்டு நிறங்களுக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால் செயலி அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். கிடைக்காத நிறத்துக்குப் பணம் வாங்க நாங்கள் விரும்பவில்லை.

இத்தகைய பலகைகளில் நிறத்தை ஊடுருவிப் பின்னால் இருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் பட்டை ஒன்று வழக்கமாக இருக்கும். சேலைக்கு அது தேவையில்லை, எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் உடல், கரை, முந்தி என மூன்றுக்கும் தனித்தனியே நிறம் தேர்ந்தெடுக்கும் வசதியை வைத்திருக்கிறோம்.

கட்டுச் சுங்குடி கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூலால் இறுக்கி முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். உடல் நிறம் மிகவும் வெளிர்ந்துபோனால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கையால் போட்ட பெண்களின் உழைப்பு அப்படி மறைந்துபோகக் கூடாது. அதனால் வெளிர் நிறத்தைத் தொட்டதும் ஓர் எச்சரிக்கை வரும். தயவுசெய்து அதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கைபேசியின் இரவு ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள். அது நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். வெள்ளைகூடச் சந்தனமாகத் தெரியும். சேலை கைக்கு வந்ததும் குழல்விளக்கில் மட்டும் பார்க்காமல் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். ஒரே சாயம் இரண்டு வெளிச்சத்தில் இரண்டு விதமாகத் தெரிவது உண்டு.

புதிய பலகை வேண்டுவோர் செயலியைப் புதுப்பித்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டில் வழங்கும் நிறப் பெயர் ஏதேனும் எங்கள் கட்டங்களில் இல்லையென்றால், அந்த நிறத்தில் உள்ள பழைய துணியைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் பெயரோடு அனுப்புங்கள். பட்டறையில் சாயமேற்றிப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
சுங்குடிக் கடையினர்
தெற்கு மாசி வீதி, மதுரை