மைக்கைப் பிடித்தவர்கள்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

கச்சேரி நடுவே, பாதிக்கப்பட்ட ஜனங்களுக்காக என்று கொடியைத் தூக்கிக் காட்டுகிற பாட்டுக்காரர்கள் எல்லாம் வேஷம், ஆல்பம் விற்கிற தந்திரம் என்று எழுதியிருந்தாய். அம்மாப்பேட்டையில் மைக் செட் வைத்திருப்பவனிடமே சொல்கிறாயே கண்ணு! எல்லாக் கட்சி மேடைக்கும் பாக்ஸ் கட்டியவன் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசிவிட்டு, இறங்கினதும் "கடைசி வரைக்கும் கேட்டுச்சாண்ணே?" என்று விசாரித்தவர்கள் எத்தனையோ பேர். வேஷமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பாடகி ஷினேட் ஓ'கானர் உங்கள் டப்ளின் பொண்ணுதானே? 1992இல் அமெரிக்க டிவி நேரலையில் போப்பாண்டவர் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமையை மூடி மறைக்கிறார்கள் என்ற கோபம். இரண்டே வாரத்தில் நியூயார்க் மேடையில் அவரைப் பாடவிடாமல் கூட்டம் கத்தித் தீர்த்தது. 2009இல் அயர்லாந்தின் விசாரணை ஆணையமே, திருச்சபை நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பட்டதையெல்லாம் அறிக்கையாகப் போட்டது. விளம்பரத்துக்கு ஆசைப்பட்டவர் செய்கிற வியாபாரமா அது?

இன்னொன்று நம்ம பக்கத்துக் கதை. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி நடத்திய தெர்மாமீட்டர் ஆலையை 2001இல் மூடினார்கள். பாதரசத்தில் புழங்கி உடம்பு கெட்டுப்போனோம் என்று தொழிலாளிகள் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். 2015இல் சென்னைப் பொண்ணு சோபியா அஷ்ரப் அதை ராப் பாட்டாகப் பாடினார். மெட்டு அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜுடையது. அந்தம்மாவே ட்விட்டரில் பகிர, ஊர் உலகமெல்லாம் ஓடியது. 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளிகளோடு ஒப்பந்தம் போட்டது. பாட்டு ஒன்றாலேயே வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கேஸை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது அவர்கள். பாட்டு அவர்களுக்கு ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். சோபியா மனசுக்குள் புகழாசை இருந்ததா என்று அந்த ஜனங்கள் கவலைப்பட்டிருப்பார்கள் என்றா நினைக்கிறாய்?

பேச ஆளில்லாமல் வால்யூமை மட்டும் ஏற்றினால் மைக் 'கொய்ங்'கென்று கூவும். உனக்கு எரிச்சலூட்டுவது அந்தச் சத்தம்தான் என்று நினைக்கிறேன்.

டிக்கெட் வாங்கியாச்சு என்றால் அந்தக் கச்சேரிக்குப் போய்விட்டு வா. கொடி ஆட்டின கையோடு, அந்தப் பாட்டுக்காரர் பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தரையாவது மேடையேற்றி மைக்கைக் கொடுத்தாரா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா