மாடி வீட்ட தடை பண்றதுக்கு முன்னால நாஞ் சொல்றதயும் கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒருத்தரு, தெருவுக்கு ரெண்டு வீடு இப்ப தினவாடகைக்கு விடறாங்க, ராத்திரியானா பாட்டும் கூத்தும், இதையெல்லாம் மொத்தமா தடை பண்ணோணும்னு எழுதியிருந்தாரு. அதுல பாதி நெசம், மொதல்லயே ஒத்துக்கறேன். மீதிப் பாதிய நாஞ் சொல்லோணும், ஏன்னா நாலு வருசமா திருப்பூர்ல என்ற வீட்டு மாடிய நானும் அப்பிடித்தான் விட்டுட்டு இருக்கறேன். கீழ நானும் எங்கூட்டுக்காரரும், பையன் பெங்களூர்ல.

திருப்பூருக்கு யாருங்க சுத்திப் பாக்க வர்றா. வர்றவங்க பூராம் சோலியாத்தான் வருவாங்க. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு பனியன் வாங்கிக் குடுக்கற பையிங் ஆபீஸ்லேர்ந்து சரக்கோட தரத்த கடைசியா பாக்க வர்ற கியூசி பசங்க, நிட்டிங் மெஷின் சர்வீஸ் பண்ற இஞ்சினியருங்க, டெல்லி லூதியானாலேர்ந்து சரக்கு பாக்க வர்ற ஏவாரிங்க, கணக்கு பாக்க வர்ற ஆடிட் ஆபீஸ்காரங்க. திங்கக்கெழம வெடியால வந்து வியாழன் வெள்ளி வரைக்கும் இருப்பாங்க, சனிக்கெழம மாடி காலியா கெடக்கும். அந்த ஒரு நாளும் காலியா கெடக்குதேன்னு ஆசப்பட்டு வந்தவனுக்கெல்லாம் சாவியக் குடுத்தாத்தான் அந்த வாசகரு சொன்ன கூத்தெல்லாம் நடக்கும்.

மொத ஆறு மாசம் எனக்கு இது வெளங்கவே இல்ல. பையன் ரூம் புக் பண்ற ஆப்புல போட்ட போட்டோவுல ஊஞ்சல், துளசிச் செடி, மொட்டமாடில பொழுதோட வெயிலு, அப்பிடின்னு அழகழகா இருந்துச்சு, அதப் பாத்துட்டு போன் பண்ணவங்க பூராம் உள்ளூர் பசங்க, பொறந்தநாளைக்கு கேக் வெட்டறதுக்கு. ஒருக்கா பெங்களூர்லேர்ந்து வந்த, ஆர்டர் பாக்கற வயசான மெர்ச்சண்டைசர் ஒருத்தரு ரெண்டு நாள் கட்டில்ல சம்மணம் போட்டு ஒக்காந்து லேப்டாப்ப தலகாணி மேல வெச்சு வேலை பாத்துட்டு, போறப்ப சொன்னாரு, "அம்மா, அந்த ஊஞ்சல எடுத்துட்டு ஒரு டேபிளப் போடுங்க, பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட்டு வெய்ங்க." அவ்வளவுதான். டேபிள், முதுகு சாயற மாதிரி நல்ல சேரு, பிளக் பாயிண்ட்டு நாலு, தேய்க்கறதுக்கு ஒரு அயர்ன் பாக்ஸு. போட்டோவுல மொதல்ல டேபிளு, ஊஞ்சலுக்கு எடமே இல்ல. ரெண்டே மாசத்துல பொறந்தநாள் போன் நின்னு போச்சு, ஆபீஸ்காரங்க போன் வர ஆரம்பிச்சிருச்சு.

இன்னொன்னு, கரண்ட். இன்வெர்ட்டர் இருக்குதுன்னு பெருமையா சொல்லுவேன், கரண்ட் போனா ஃபேன் ஓடும் லைட் எரியும், ஆனா நெட்டு போயிரும், ஏன்னா ரூட்டர் அந்த லைன்ல இல்ல. ஒரு தம்பி சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரோட வீடியோ கால்ல பேசிட்டு இருந்தப்ப இது நடந்து, அவன் படியெறங்கி வந்து என்னப் பாத்தான் பாருங்க ஒரு பார்வ, இன்னும் மறக்கல. மறுநாளே எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு ரூட்டர இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்துனேன், பெரிய முட்டுவழி ஒண்ணும் ஆகல.

சென்னைலேர்ந்து சேரன், நீலகிரி ரயில்ல வர்றவங்க வெடியங்காட்டியும் ஸ்டேஷன்ல எறங்கீருவாங்க, அவங்ககிட்ட போயி பன்னெண்டு மணிக்குத்தான் ரூம்னு சொன்னா அந்தாளு எங்க போயி நிப்பாரு? முந்தின ராத்திரி காலியா இருந்தா காசு வாங்காம தெறந்து விட்டர்றேன், ஆள் இருந்தா கீழ எங்கூட்டு பாத்ரூமுல குளிச்சுக்க சொல்றேன். காலைல ஏழு மணிக்கு சந்தகையோ இட்லியோ, ராத்திரி லேட்டா வந்தா அரிசிம்பருப்பு சாதமும் தயிரும். லூதியானாக்காரரு ஒருத்தரு அரிசிம்பருப்புக்கு நெய் கேட்டு கேட்டு வாங்கி சாப்பிடுவாரு, இப்ப அவரு சொல்லித்தான் இன்னும் நாலு பேரு வர்றாங்க. மொதலாளிகளப் புடிச்சு கார்டு குடுத்து ஒரு பிரயோசனமும் இல்லீங்க, ரூம் போடறது ஆபீஸ்ல அட்மின் பாக்கற புள்ளைங்களும் டிராவல்ஸ் டிரைவருங்களும்தான், அவங்களுக்குத்தான் நம்ம நம்பர் தெரிஞ்சிருக்கோணும்.

பில்லு விசயம் போன்லயே பேசீரோணும், இல்லீன்னா கெளம்பற அன்னிக்கு வாக்குவாதம். வருசத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வரவு இருந்தா ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்ல, அதனால ஜிஎஸ்டி பில் என்னால குடுக்க முடியாது, சாதா பில்லுதான். ஆப்பு வழியா வந்தா வரிய ஆப்புக்காரங்களே புடிச்சு கட்டீருவாங்க, ஒரு நாளைக்கு 7,500 ரூவா வரைக்கும் உள்ள ரூமுக்கு 12 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 5 சதவீதம் ஆயிருச்சு. மும்பை கம்பெனிக்காரங்க அவங்க ஊரு ஜிஎஸ்டி நம்பரக் குடுத்துட்டு இந்த வரிய அவங்க கணக்குல கழிச்சுக்கலாம்னு நெனைப்பாங்க, அது நடக்காது, ரூம் எந்த மாநிலத்துல இருக்குதோ அந்த மாநிலத்து வரிதான் விழும். இதையெல்லாம் எனக்கு சொல்லிக் குடுத்தது எங்க ஆடிட்டரு.

இப்ப வம்புக்கு வர்றேன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரங்க நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டாங்கல்ல, அப்ப ஆபீஸ்காரங்க வரத்து கொறஞ்சு போயி மாடி வாரக்கணக்குல பூட்டியே கெடந்துச்சு, எனக்கு ஒரே வெசனம். ஒரு சனிக்கெழம ஒரு பையன் போன் பண்ணி "ஆன்ட்டி, ஆபீஸ் வேலை, ரெண்டு பேரு, ஒரு நாள்" அப்பிடின்னான். உள்ளூர் அட்ரஸு, ஒத்த ராத்திரி, மொட்டமாடி இருக்குதான்னு வேற கேட்டான், மூணும் சேந்தா என்னன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் காசுக்கு ஆசப்பட்டு சாவியக் குடுத்துட்டேன். ராத்திரி பதினொன்னரைக்கு தொம்மு தொம்முனு பாட்டு. படிக்கிட்ட போயி பாத்தா செருப்பு பதினோரு ஜோடி கெடக்குது, எண்ணிப் பாத்தேன். எங்கூட்டுக்காரரு தாட்டுபூட்டுனு கெளம்புனாரு, நாந்தான் புடிச்சு நிறுத்தி பக்கத்து வீட்டு அண்ணனயும் கூட்டிக்கிட்டு மேல போனேன். சத்தமே போடல. "தம்பி, பேசுனது ரெண்டு பேருக்கு. மத்த ஒம்போது பேரும் பத்து நிமிசத்துல எறங்கோணும், இல்லீன்னா முழுப்பணமும் இந்தாங்க, எல்லாருமே கெளம்புங்க"ன்னு பணத்த கையில வெச்சுட்டே சொன்னேன். பணத்தக் கண்டதும் பேச்சே வரல அவனுக்கு. எறங்கிப் போயிட்டாங்க. மறுநா காலைல எதுத்த வீட்டுல போயி நானே மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன், அத நெனச்சா இன்னும் பொக்குனுதான் இருக்குது. அதுலேர்ந்து சனிக்கெழம உள்ளூர் ஆதாருக்கு சாவி இல்லீங்க, காலியா கெடந்தா கெடக்கட்டும்.

இன்னொரு ரகம் இருக்குது, சத்தம் போடாது, கழுத்தறுக்கும். மூணு நாள் நல்லா இருந்துட்டு கெளம்பறப்ப "பாதிப் பணம் திருப்பிக் குடுங்க, இல்ல ஒரு ஸ்டார் போட்டுருவேன்". மொதத் தடவ பயந்து குடுத்தேன். அப்பறந்தான் பையன் சொன்னான், ஏர்பிஎன்பி ஆப்புல தங்குனவங்க, வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் விமர்சனம் எழுதற வரைக்குமோ, இல்ல 14 நாள் முடியற வரைக்குமோ ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்கு காட்டாதுன்னு. அவங்க என்ன எழுதுவாங்கன்னு முன்னாலயே தெரியாது, அதனால இப்ப என்ன பேச்சா இருந்தாலும் ஆப்புக்குள்ள மெசேஜ்லயே பேசறேன், அங்க மெரட்டுனா அதுவே சாட்சி. மோசமா எழுதுனாலும் கீழ ரெண்டு வரி நடந்தத மட்டும் பதில் போடுவேன். கோவத்துல நீட்டி முழக்கி எழுதுனா அடுத்து வர்ற ஆபீஸ்காரரு படிச்சுட்டு இந்தம்மா சண்டக்காரி போலன்னு ஓடீருவாரு.

மெஷின் சர்வீஸ் பசங்க பாவம், நல்ல பசங்க, ஆனா கை பூராம் ஆயிலு. வெள்ளத் துண்டுல தொடச்சு வெச்சிருவாங்க, எத்தன திட்டறது. இப்ப வாசப்படிக்கிட்ட ஒரு கூடை நெறைய பனியன் கட்டிங் வேஸ்ட் வெச்சிருக்கறேன், நம்மூர்ல அதுக்கா பஞ்சம், கையோ ஷூவோ அதுல தொடைச்சுக்கோங்கன்னு ஹிந்திலயும் எழுதி ஒட்டியிருக்குது. துண்டு தப்பிச்சுது.

தடை தடைங்கறாரே அந்த வாசகரு, கோயமுத்தூர்ல 2019-ல ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட்டுக்கு கல்யாணம் ஆகாத ஜோடி தங்குனாங்கன்னு சீல் வெச்சாங்க, அப்பறம் ஹைகோர்ட்டு அப்பிடி தங்கக்கூடாதுன்னு சட்டமே இல்லைன்னு சொல்லி தெறக்க சொல்லீருச்சு. நானும் தாலி இருக்குதான்னு பாக்கறதில்ல. வர்ற ஒவ்வொருத்தரோட ஐடியும் நோட்டுல ஏறோணும், ஆதார்னா மாஸ்க் பண்ணுனதே போதும், அதுல கடைசி நாலு நம்பர் மட்டுந்தான் தெரியும். வெளிநாட்டுக்காரங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்கியிருக்கற விவரத்த ஆன்லைன்ல அரசாங்கத்துக்கு போடோணும், வீட்டு மாடியானாலும் போடோணும். மொத மொதல்ல இத்தாலிலேர்ந்து ஒரு மெஷின்காரரு வந்தப்ப அது எனக்குத் தெரியாது, அவர கூட்டிட்டு வந்த ஏஜென்ட்டு சொல்லித்தான் போட்டேன். கேமரா கேட்டுல மட்டும், உள்ள ஒண்ணும் கெடையாது.

அதனால தடை வேண்டாங்க. வீட்டுக்காரங்க அதே வீட்டுல குடியிருந்து, ஒண்ணுலேர்ந்து ஆறு ரூம் வரைக்கும் விட்டா பதிவு பண்ணிக்க டூரிசத்துல ஏற்கனவே திட்டம் இருக்குது, அத வார்டு வார்டா வந்து சொல்லிக் குடுங்க. ஓனரு எங்கியோ இருந்துட்டு சாவிய பூந்தொட்டிக்கு அடில வெச்சுட்டுப் போற வீடு எதுன்னு பாருங்க, அக்கம்பக்கம் கூப்பிட ஒரு போன் நம்பர் கேட்டுல எழுதி வெக்க சொல்லுங்க. எங்கூட்டு கேட்டுல இருக்குது, பெயிண்ட்லயே எழுதியிருக்கறேன்.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். மாசாந்தர மின்தடை அறிவிப்ப நீங்க போடறத தெனமும் போட்டோ எடுத்து மாடில இருக்கறவங்களுக்கு வாட்ஸப்புல அனுப்பறேன். ஏரியா பேரு மட்டும் போடறீங்க, தெருப் பேரும் சேத்துப் போட்டா நல்லா இருக்குமுங்க. இன்வெர்ட்டர் மூணு மணி நேரந்தான் தாங்குது, மேல இருக்கற தம்பிக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கால் இருக்குதாம்.

இப்படிக்கு,
பேரு வேண்டாங்க, ஒரு வாசகி
திருப்பூர்