புடகத்தைப் பிடிக்கும் புரதங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் மதுவக் (யீஸ்ற்) கலம் பற்றி வந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். கள்ளிலும் பாண் மாவிலும் வாழும் ஓர் உயிரைப் பற்றி நல்ல தமிழில் எழுதியமைக்கு நன்றி. ஆனால் கலத்துள் சரக்கு சுமக்கும் சிறு சவ்வுப் பையாகிய புடகத்தைப் பற்றி, “புடகம் மென்சவ்வை அடைந்து அதனுடன் இணைகிறது” என்று ஒரே வரியில் கடந்து போனது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. உயர்தர மாணவர்களின் குறிப்புக் கொப்பிகளிலும் இதே வரிதான். அடைவதற்கும் இணைவதற்கும் நடுவே பிடித்தல் என்றொரு கட்டம் இருக்கிறது. சரக்கு உரிய இடத்தில் இறங்குவதற்கு அது இன்றியமையாதது.

ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுள்ள புடகம் வந்து மோதியவுடன் ஒட்டிவிடுவதில்லை. சில பத்து நனோமீற்றர் தள்ளி வரும்போதே நீண்ட புரதச் சிக்கல்கள், அதாவது பல புரதங்கள் சேர்ந்த கூட்டுகள், அதைப் பற்றிக்கொள்கின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு அணைய முன்னர் வடம் எறிந்து கட்டுவார்களே, அந்த வேலை. புதிய கலமாகும் அரும்பு வளரும் பக்கம் போகும் புடகத்தைப் பிடிப்பது எக்சோசிஸ்ற் என்னும் எட்டுப் புரதங்களின் கூட்டு. அதிலுள்ள செக்15, புடகத்தின் மேலிருக்கும் செக்4 என்ற புரதத்தைப் பிடிக்கும். செக்3, எக்சோ70 இரண்டும் கல மென்சவ்வின் குறித்த ஒரு கொழுப்பைப் பிடிக்கும். அதன் பின்னரே ஸ்னெயார் புரதங்கள் ஒன்றோடொன்று முறுகி இரு சவ்வுகளையும் இணைக்கின்றன.

கலத்தின் சேமிப்பு, கழிவுச் சிதைப்பு அறையான புன்வெற்றிடத்தில் இதே பணியைச் செய்யும் ஹொப்ஸ் சிக்கலில் ஆறு புரதங்கள். அது பிடிப்பதோடு நிற்காமல் ஸ்னெயார்கள் சரியாகக் கோர்க்கப்படவும் உதவுகிறது. எனக்கு மிகப் பிடித்தது, புரதங்கள் உருவாகும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையிலுள்ள டிஎஸ்எல்1 சிக்கல். மூன்றே புரதங்கள். புரதங்களைப் பதப்படுத்திப் பிரித்தனுப்பும் கொல்கி உடலிலிருந்து திரும்பிவரும் புடகம் தன் புரத மேலுறையை முற்றாகக் கழற்ற முன்னரே, அந்த உறையிலேயே இது பிடி போட்டுவிடும்!

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். கலிபோர்னியாவின் பேர்க்லியில் றண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீற்றர் நொவிக்கும் வெப்பத்தை மாற்றியே மதுவத்திடம் கேள்வி கேட்டார்கள். அவர்கள் தேடிய விகாரக் கலங்கள் (மரபணு மாறிய கலங்கள்) 25 பாகையில் வழமைபோல வளரும். 37 பாகையில் சுரப்பு நின்று, வெளியேற வழியின்றிப் புடகங்கள் உள்ளே குவியும். அப்படி அடைபட்ட கலங்களின் அடர்த்தி கூடிவிடும். அந்த வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரித்தெடுத்து, 1980 இல் 23 மரபணுக்களை அறிவித்தார்கள். எக்சோசிஸ்றின் எட்டில் ஆறு அந்தப் பட்டியலில் இருந்து வந்தவை. ஷெக்மனுக்கு 2013 இல் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது.

மதுவத்தோடு முடிகிற விடயமுமல்ல இது. கொல்கியில் புடகம் பிடிக்கும் கொக் சிக்கல் மனிதக் கலத்திலும் உண்டு. அதன் மரபணுக்களில் பழுது வந்தால் புரதங்களில் வெல்ல (சர்க்கரை) மூலக்கூறுகள் சேரும் முறை குழம்பி, குழந்தைகள் கடும் நோயோடு பிறக்கிறார்கள்.

ஆகவே அடுத்த கட்டுரையோடு ஒரு படம் வெளியிடுங்கள். புடகம் ஒருபுறம், மென்சவ்வு மறுபுறம், இடையே எக்சோசிஸ்ற், உறுப்புகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில். வகுப்பறைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில் வந்தால் மிக்க நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.