டிசம்பர் கதையை மே மாதத்தில் தொடங்கு

மதுரை
ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸ் காதல் கதை எழுதப்போகிறேன், படுக்கையறைக் கதவைச் சாத்தாமல் எழுதப்போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது உன் குரல் இறங்கிவிட்டது. தயங்காதே கண்ணம்மா. கூடலைக் குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கமாக வைத்தது நம் இலக்கணம். அதற்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். முன்பனி என்றால் மார்கழியும் தையும். நீ எழுதப்போகிற மாதமும் அதுதான், நேரமும் அதுதான். எழுதலாமா என்று நீ கேட்கவே வேண்டாம். எப்படி எழுதுவது என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

முதலில் எந்த வகை எழுதுகிறாய் என்று முடிவு செய். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், கடைக்காரனுக்கும் வாசகிக்கும் அப்படியில்லை. உன் கதைச் சுருக்கத்தை எடுத்துக்கொள். கட்டில் காட்சிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பார். கதை கொஞ்சமும் அசையாமல் நின்றால் அது காதல் நாவல். அந்தக் காட்சிகள் சுவைக்கு மட்டும். அவற்றை எடுத்ததும் இருவருக்கும் நடந்த மாற்றம் புரியாமல் போனால் அது எராட்டிக் ரொமான்ஸ். ஒருத்தியின் உடல் வேட்கைதான் பயணமே, காதல் கைகூட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்றால் அது எராட்டிகா. முதல் இரண்டிலும் முடிவு விஷயத்தில் வாசகிக்கு நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய்: அவர்கள் சேர வேண்டும், அல்லது சேர்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையோடாவது முடிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டு அதைக் காதல் நாவல் என்று விற்றால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மன்னிக்க மாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

நீ இருக்கிற ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் நெருங்கிய உறவு. காதல் நாவல் பதிப்பகமான ஹார்லக்வின் 1949இல் வின்னிபெக்கில் தொடங்கிய கம்பெனி. 1908இல் லண்டனில் பிறந்த மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தை 1971இல் வாங்கியது. தலைமையகம் உன் டொராண்டோவில்தான். அவர்களே சூடான கதைகளுக்கென்று பிளேஸ் என்ற வரிசையை 2001இல் தொடங்கி 2017இல் நிறுத்தினார்கள். ஒஹையோவில் 2000இல் தொடங்கிய எலோராஸ் கேவ், பெரிய பதிப்பகங்கள் தொடாத கதைகளை மின்னூலாக விற்று வளர்ந்து, 2016இல் மூடப்பட்டது. இடையில் 2007இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வந்து, அட்டை தெரியாமல் பேருந்தில் படிக்கும் வசதியைக் கொடுத்தது. பதிப்பகங்களும் வரிசைகளும் வந்து போகும். ஆகவே எழுத்தின் உரிமையை எங்கும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதே. ஒப்பந்தம் வந்தால் உரிமை எப்போது உன்னிடம் திரும்பும் என்ற பிரிவை முதலில் படி.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. பண்டிகைக் கதை எழுதுகிற பலர் பண்டிகையைத் தோரணமாக மாட்டுகிறார்கள். மரம், விளக்கு, இஞ்சி பிஸ்கட், பனி. அதை எடுத்துவிட்டு ஜூன் மாதத்தில் வைத்தாலும் கதை ஓடும். அது பண்டிகைக் கதையே இல்லை. பண்டிகை மூன்று வேலை செய்ய வேண்டும்: கெடு வைக்க வேண்டும், ஆட்களை ஒரே கூரைக்குள் அடைக்க வேண்டும், குடும்பத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். டிசம்பர் 25 கடைகளை மூடுகிறது. 26ஆம் தேதியும் உன் ஒன்டாரியோ மாகாணத்தில் விடுமுறை. அவன் 27ஆம் தேதி விமானத்தில் திரும்பிப் போகிறான் என்று வை. கதைக்குக் கடிகாரம் கிடைத்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் தேதியைப் போட்டுப் பார், எந்த நாள் சும்மா இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

தீபாவளியை வைத்து எழுதலாமா என்றும் கேட்டாய். தாராளமாக. ஆனால் டொராண்டோவில் தீபாவளிக்கு அரசு விடுமுறை இல்லை, ஊர் மூடாது. அடைபடுவதற்குப் பதில், லீவு கிடைக்குமா, இரவு வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதுதான் அங்கே இறுக்கம். கிறிஸ்துமஸ் கதையில் பெயர்களை மாற்றித் தீபாவளிக் கதை ஆக்க முடியாது.

பனியில் மாட்டிக்கொள்வது பழைய உத்தி, இன்னும் விலை போகிறது. அதைச் சரியாகச் செய். நகருக்குள் ஒரு வாரம் சாலை அடைபட்டுக் கிடக்காது, பனி அள்ளும் வண்டி வந்துவிடும். நீண்ட அடைப்பு வேண்டுமானால் வடக்கே மஸ்கோகா பக்கம் ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோ. ஊருக்குள்ளேயே வேண்டுமானால் மின்வெட்டை எடுத்துக்கொள். 2013 டிசம்பர் 21, 22இல் உறைமழை பெய்து, டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சிலருக்குக் கிறிஸ்துமஸ் கழிந்தும் வரவில்லை. மின்சாரம் போனால் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸும் நிற்கும், ஏனென்றால் சூட்டைத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. ஏரிக்கரை வீட்டில் கிணற்று மோட்டாரும் நிற்கும், குழாயில் தண்ணீர் வராது. கதாநாயகன் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டிக் குளிர் காய்கிற மாதிரி தயவுசெய்து எழுதாதே; கார்பன் மோனாக்சைடில் இருவரும் செத்துப்போவார்கள், வாசகிக்கும் அது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அவன் வீட்டில் அவள் மாட்டிக்கொண்டால், போக வழியில்லாத பெண் சொல்கிற சம்மதத்துக்கு எடை குறைவு. அவளுக்கு ஒரு வழி வை. தாழ்ப்பாள் உள்ள தனி அறை, சார்ஜ் உள்ள போன், நடந்து போகிற தூரத்தில் அக்கம்பக்கத்து வீடு, ஏதாவது ஒன்று. போக முடிந்தும் அவள் இருந்தாள் என்றால்தான் அடுத்த காட்சி இனிக்கும்.

அளவு: முதல் முயற்சிக்கு 30,000 சொல் போதும். 1,500 சொல்லாக 20 அத்தியாயம். 3,000 சொல்லுக்குள் இருவரும் சந்தித்தாக வேண்டும். முதல் முத்தம் 9,000 வாக்கில், முதல் முழுக் காட்சி 15,000 வாக்கில், இரண்டாவது 20,000இல். 23,000, 24,000 வாக்கில் பிரிவு. 28,000இல் மூன்றாவது காட்சி, பிறகு அடுத்த வருடக் கிறிஸ்துமஸில் ஒரு சின்ன முடிவுரை. எராட்டிக் ரொமான்ஸ் என்றால் முதல் காட்சியை 6,000க்கு இழுத்துவிடு, எண்ணிக்கையையும் கூட்டு. இது தையற்காரர் அளவு மாதிரி. உன் கதைக்குத் தகுந்தபடி பிடித்துக்கொள்.

இப்போது கட்டில் காட்சி. நீ கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டது இதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு ஒரு தாளில் இரண்டு வரி எழுது: உள்ளே போகும்போது இவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார்கள், வெளியே வரும்போது என்ன நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் காட்சி வேண்டாம். மூன்று காட்சி இருந்தால் மூன்றும் வேறு வேறு காரியம் செய்ய வேண்டும். முதலாவதில் அடக்கி வைத்தது உடைகிறது, இரண்டாவதில் ஒரு ரகசியம் வெளிவருகிறது, மூன்றாவதில் பயமில்லாமல் பார்க்கிறார்கள். ஒரே காட்சியை மூன்று முறை எழுதினால் வாசகி இரண்டாவதிலேயே பக்கத்தைத் தள்ளிவிடுவாள். ஒன்றுக்கு 1,500 முதல் 2,000 சொல் வரை போகலாம்.

அவசரம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. கனடா டிசம்பரில் ஒருவர் உடை களைவதை நினைத்துப் பார். பார்க்கா, மஃப்ளர், தொப்பி, கையுறை, பூட்ஸ், ஸ்வெட்டர், உள்ளே தெர்மல். ஏழு உருப்படி! இதை இடைஞ்சல் என்று நினைத்து ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இதில்தான் உனக்கு முழுக் காட்சியும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்ததும் அவன் கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொள்கிறது, அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் கழற்றித் தன் சட்டை ஓரத்தில் துடைத்துக் கொடுக்கிறாள். பூட்ஸின் ஓரத்தில் சாலை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. விரல் மரத்துப்போய் நாடா அவிழவில்லை, அவன் குனிந்து அவிழ்க்கிறான். ஹீட்டர் ஓடிக் காய்ந்த காற்றில் கம்பளி ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுக்கும்போது முடி சடசடவென்று பொறிந்து எழுந்து நிற்கிறது. அந்த முடியை அவன் கையால் படிய வைக்கிறான். இன்னும் யாரும் யாரையும் முத்தமிடவில்லை, பார்.

எழுதி முடித்ததும் காட்சியை அச்செடுத்து நான்கு வண்ணப் பென்சிலால் கோடு போடு: அசைவு ஒரு நிறம், உணரும் புலன் ஒரு நிறம், பேச்சு ஒன்று, மனத்தில் ஓடுவது ஒன்று. ஒரு பக்கம் முழுக்க அசைவின் நிறமாகவே இருந்தால் அது உடற்பயிற்சிக் குறிப்பு. பேச்சின் நிறமே இல்லையென்றால் இருவரும் அந்நியர்கள். கூடவே ஒரு ஓரத்தில் யார் எங்கே இருக்கிறார், உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வா. இது செய்யாதவர்கள் கதையில் ஒரே சட்டை இரண்டு முறை கழறும், ஒருவனுக்கு மூன்றாவது கை முளைக்கும்.

காட்சி யார் கண் வழியாக நடக்கிறதோ அந்தப் பாத்திரத்தைப் பொறுத்தது சொல் தேர்வு. நர்ஸ் ஒருத்தி நினைக்கிற சொல் வேறு, மரவேலை செய்கிறவன் நினைக்கிற சொல் வேறு. மருத்துவச் சொல் குளிர்ந்துபோகும், தெருச்சொல் சில இடத்தில் அறையும், உருவகம் மூன்றாவது முறை சிரிப்பு மூட்டும். உன் வாய்க்கு வருகிற நான்கைந்து சொல்லை முடிவு செய்து கதை முழுக்க அதிலேயே நில். ஆணுறை ஒரு வரியில் வரட்டும், கதைக்குள் அது இடைஞ்சலே இல்லை. பாத்திரங்கள் எல்லோரும் பதினெட்டு தாண்டியவர்கள் என்பது ஐயமே இல்லாமல் தெரிய வேண்டும். கனடாச் சட்டத்தில் எழுத்துக்கும் இது பொருந்தும், இதில் விளிம்பில் நடக்கிற வேலையே வேண்டாம்.

நாள் கணக்கு. மே மாதம் இரண்டு வாரம் திட்டம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 750 சொல் என்றால் ஏழு வாரத்தில் முதல் படி கைக்கு வரும். இரண்டு வாரம் தொடாமல் வை. ஆகஸ்டில் திருத்தி எடிட்டரிடம் கொடு, செப்டம்பரில் ப்ரூஃப். அட்டைக்கு ஜூலையிலேயே சொல்லிவை, இலையுதிர் காலத்தில் ஓவியர்கள் கையில் இடமிருக்காது. அக்டோபர் கடைசியில் புத்தகம் வெளிவர வேண்டும். டிசம்பர் 10ஆம் தேதி வெளிவந்தால் உனக்கு இரண்டு வாரம்தான் விற்பனை. 26ஆம் தேதி காலையில் யாரும் கிறிஸ்துமஸ் மரக் கதையைத் தேட மாட்டார்கள். அமேசானில் முன்பதிவு வைத்தால் இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரத்துக்கு முன் ஏற்றிவிட வேண்டும். ஜூலை வெயிலில் பனியை எழுத வேண்டியிருக்கும், அதனால் போன டிசம்பரில் நீ எடுத்த படங்களை இப்போதே ஒரு கோப்பில் போட்டுவை. மாலை நாலே முக்கால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதை மறந்து ஆறு மணிக்குச் சூரியன் மறைய வைத்தவர்கள் உண்டு.

விலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமேசானில் 2.99 முதல் 9.99 டாலர் வரை வைத்தால் 70 சதவீதம், அதற்குக் கீழே 35 சதவீதம். 3.99க்கு விற்றால் ஏறத்தாழ 2.79 (கோப்பின் அளவுக்கேற்பச் சில சென்ட் கழியும்). 99 சென்டுக்கு விற்றால் 35 சென்ட். எட்டு விற்றால்தான் ஒன்றுக்குச் சமம். சந்தா கட்டியவர்கள் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உன் ஊரிலேயே இருக்கிற கோபோ மின்னூல் கடையிலும்கூட. அந்தத் திட்டம் 2014இல் வந்தபோது புத்தகம் எவ்வளவு நீளமானாலும், பத்தில் ஒரு பங்கு படித்தாலே ஒரே தொகை கொடுத்தார்கள், குட்டி எராட்டிகா குவிந்தது. 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்குக் காசு என்று மாற்றினார்கள், குட்டிக் கதைகளின் வருமானம் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. உன் 30,000 சொல் இந்த முறையிலும் தாங்கும். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணைக் காசு கொடுத்து வாங்காதே, கனடாவில் தேசிய நூலகமான லைப்ரரி அண்ட் ஆர்கைவ்ஸ் இலவசமாகத் தருகிறது. அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தைச் சரியாக நிரப்பு, இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி கனடாக்காரர்களின் நூல் ராயல்டிக்குப் பிடித்தம் இல்லை.

எராட்டிகா பிரிவில் வைத்தால் அமேசானில் விளம்பரம் ஏற்க மாட்டார்கள். தலைப்பிலோ அட்டையிலோ கொச்சை இருந்தால் பொதுத் தேடலிலிருந்தே புத்தகம் மறையலாம். 2013 அக்டோபரில் பிரிட்டனில் இந்த வகைப் புத்தகங்களைப் பற்றி எழுந்த கூச்சலில் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற புத்தகக் கடை நிறுவனம் தன் இணையக் கடையையே தற்காலிகமாக மூடியது. ஒன்றும் தவறில்லாத புத்தகங்களும் சேர்ந்து போயின. பயந்து எராட்டிகாவைக் காதல் நாவல் என்று ஒளித்து விற்கவும் வேண்டாம். அட்டை உண்மையைச் சொல்லட்டும். கார்ட்டூன் மாதிரி வரைந்த இனிப்பு அட்டையைப் பார்த்துப் பாட்டிக்குப் பரிசாக வாங்கிக் கொடுப்பார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அவர் அதிர்ந்து போவார். பின்னட்டைக் குறிப்பில் ஒரே வரியில் சூடு எவ்வளவு என்று சொல்லிவிடு.

புனைபெயர் வைத்துக்கொள், அதற்குத் தனி மின்னஞ்சலும். ஒரே அமேசான் கணக்கில் எத்தனை புனைபெயரும் வைக்கலாம். இரண்டாவது கணக்குத் திறந்தால் இரண்டையும் முடக்கிவிடுவார்கள். தெரிந்தவர்களைக் கதையில் கொண்டுவராதே. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று விதித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கிறது. உன் அலுவலகத்துக் கண்ணாடிக்காரரின் மூக்கை மாற்று, ஊரை மாற்று, வேலையையும் மாற்று.

அப்பாவுக்கு விஷயம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டார். கட்டில் காட்சி வருகிற அத்தியாயங்களை மட்டும் தனக்கு அனுப்ப வேண்டாம் என்றார், மற்றதை எல்லாம் படிப்பாராம். ஜூன் முதல் வாரம் முதல் மூன்று அத்தியாயம் அனுப்பு. வேர்ட் கோப்பாக, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டு, பக்க எண் போட்டு அனுப்பு. நான் அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்வேன்.

அன்புடன்,
அம்மா