விளம்பரம் விழுங்கிய மிசிசிப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி, அதாவது அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு நடத்திய போர் பற்றி, முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். "கெட்டிஸ்பர்க்கில் மூன்றே நாளில் போரின் முடிவு எழுதப்பட்டுவிட்டது" என்ற வரியைக் கொட்டை எழுத்தில் பெட்டி கட்டியும் போட்டிருந்தீர்கள். முடிவுதான் எழுதியாகிவிட்டதே, அப்புறம் எதற்காக 1865 ஏப்ரல் வரை, இன்னும் 21 மாதம், இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு செத்தார்கள்? கட்டுரையாளர் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கள் மேசையைத் தாண்டித்தானே அந்தப் பக்கம் அச்சுக்குப் போயிருக்கும்? தங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்!

கெட்டிஸ்பர்க் சின்னச் சண்டை என்று நான் சொல்லவில்லை. 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லோரையும் சேர்த்தால் ஏறத்தாழ 51,000 பேர். அதன்பிறகு தெற்கின் படைத்தலைவர் லீயால் அந்த அளவில் வடக்கே படையெடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் தன் படையோடு பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டார். கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த மறுநாளே, ஜூலை 4 அன்று, மிசிசிப்பிக் கரையிலிருந்த விக்ஸ்பர்க்கில் தெற்குத் தளபதி பெம்பர்ட்டனின் படை, 29,000 பேருக்கு மேல், மொத்தமாக வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. ஐந்து நாளில் அதே ஆற்றங்கரையில் தெற்கிடம் மிஞ்சியிருந்த போர்ட் ஹட்சனும் விழ, ஆறு முழுவதும் வடக்கின் கைக்குப் போனது. டெக்சாஸும் ஆர்கன்சாவும் மேற்கு லூசியானாவும் அக்கரையில் துண்டாகி நின்றன. அங்கிருந்து வந்துகொண்டிருந்த மாடு, குதிரை வரத்தும் நின்றது.

இந்த விக்ஸ்பர்க்குக்குத் தங்கள் கட்டுரையில் கிடைத்தது அரை வரி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூடவே ஒரு வரைபடம் போட்டிருந்தீர்களே, அதன் இடது ஓரத்தை ஒரு நகைக்கடை விளம்பரம் விழுங்கிவிட்டது. மிசிசிப்பி ஆறு அந்த ஓரத்தில்தான் ஓடியிருக்க வேண்டும். இப்போது அங்கே செய்கூலி, சேதாரம் இல்லாத ஆரம் ஒன்று தொங்குகிறது.

பத்திரிகைக்காரர் என்பதால் தங்களுக்குப் பிடிக்கும், ஒன்று சொல்கிறேன். விக்ஸ்பர்க் முற்றுகை 47 நாள் நீடித்தது. குண்டுக்குப் பயந்து மக்கள் மண்மேட்டில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். அச்சடிக்கக் காகிதம் தீர்ந்துபோய், ஊரின் 'டெய்லி சிட்டிசன்' பத்திரிகை வீட்டுச் சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சானது. கிராண்ட் 4ஆம் தேதி விக்ஸ்பர்க்கில் விருந்துண்ணப் போகிறாராம், முயலைச் சமைக்க முதலில் முயலைப் பிடிக்க வேண்டுமே என்று ஜூலை 2 இதழில் அதன் ஆசிரியர் கிண்டலடித்திருந்தார். ஊருக்குள் நுழைந்த வடக்குச் சிப்பாய்கள் அச்சுக்கோத்து வைத்திருந்த அதே பக்கத்தின் அடியில், முயல் பிடிபட்டது என்று நாலு வரி சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள். எதிரிப் படை திருத்தம் போட இரண்டு நாள்தான் ஆனது. தங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். இன்றும் தங்கள் நாளிதழ் வாய்க்கு வந்தபடி "தருமபுரி மாவட்டம் கிருஷ்ணகிரி" என்று எழுதுகிறது. எங்கள் கோட்டையின் படத்தைப் போட்டு 'ராயக்கோட்டை' என்று அடிக்குறிப்பு கொடுத்ததற்கு நான் எழுதிய கடிதம் பிரசுரமானது உண்மைதான். பின்பாதியை வெட்டியிருந்ததால், அதைத் தவறாகச் சொன்னவளே நான்தான் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். திருத்தமோ டெண்டர் அறிவிப்புகளுக்கு அடியில், பூதக்கண்ணாடிக்கென்றே வந்தது. மாணவர் பக்கத்தை நிறுத்திவிட்டு ராசிபலனை இரட்டிப்பாக்கினீர்கள். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை.

நான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள். பிள்ளைகளைக் கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலைக்கு அழைத்துப் போவது வழக்கம். பாதி ஏறியதும் மூச்சு வாங்கிப் பாறை நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். அதுதான் பாடம் நடத்த நல்ல நேரம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் கொண்டுவந்த கம்பெனிப் படை இதே சரிவில் ஏறப் பார்த்தது, மேலிருந்து உருண்ட பாறைகளுக்குத் தாக்குப்பிடிக்காமல் இறங்கியது என்று சொல்வேன். "டீச்சர், பிடிக்காத கோட்டை அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று யாராவது ஒரு பெண் கேட்காமல் இருக்கமாட்டாள். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எங்கள் பகுதி அடங்கிய பாராமகால் முழுவதையும் திப்பு விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அதோடு போயிற்று. அதற்கு முந்தைய மே மாதம் அதே சீரங்கப்பட்டணத்து வாசலில் சண்டையை ஜெயித்த கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸ், வண்டி மாடுகள் செத்துத் தீனியும் தீர்ந்ததால் தன் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு சண்டையின் எடை எங்கே இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது. தங்கள் கட்டுரையாளருக்கோ போர் என்றால் கடைசி ஓவரில் அடிக்கும் சிக்சர்.

மறுபடி அமெரிக்காவுக்கு வந்து, ஆன்டீட்டம் சண்டையைப் பாருங்கள். 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த அந்தச் சண்டையில் யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. லீ பின்வாங்கியதே வடக்கின் அதிபர் லிங்கனுக்குப் போதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். அதன்பிறகு தெற்கை அங்கீகரிக்கும் எண்ணம் பிரிட்டனுக்குச் சங்கடமாகிப் போனது. அடுத்த மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் தன்னைப்போல் இரண்டு மடங்கு படையை லீ தோற்கடித்தார். என்ன கிடைத்தது? தன் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனை இழந்ததுதான் மிச்சம். 1864 ஆகஸ்டில் தேர்தலில் தோற்கப்போகிறோம் என்று லிங்கனே ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே என்ன என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார். செப்டம்பர் 2 அன்று தெற்கின் அட்லாண்டா நகரம் வடக்குத் தளபதி ஷெர்மன் படையிடம் விழுந்தது. நவம்பரில் லிங்கன் ஜெயித்தார். கெட்டிஸ்பர்க்கிலேயே எல்லாம் முடிந்திருந்தால், அதற்கு அடுத்த ஆண்டு அந்த மனிதர் எதற்காக அப்படி எழுதிவைக்க வேண்டும்?

நான் கேட்பது சிறிய விஷயம். அந்த வரைபடத்தை ஒருமுறை முழுதாக, மிசிசிப்பியோடும் விக்ஸ்பர்க்கோடும், விளம்பரம் இல்லாமல் மறுபிரசுரம் செய்யுங்கள். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். இடம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வரும் ஞாயிறு ராசிபலனில் மகரத்தை விட்டுவிடலாம். அது என் ராசிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.